அவர் எண்ண, அவள் எழுத

ஜீப் அவளைக் காட்டு முகாமில் இறக்கிவிட்டபோது பொழுது பலபலவென்று விடிந்திருந்தது. தகரக் கூரை, ஈரம் ஊறிய மரச்சுவர், பூஞ்சை வாடை, எல்லாம் விட்டுப்போனபடியே இருந்தன. வழிகாட்டி அண்ணன் மட்டும் இல்லை. பத்து வருடமாக அவர் குரலைக் கேட்டே குரங்குகளை எண்ண, அவள் எழுதினாள். "எழுதிக்க, பாப்பா" என்பார். போன மழையில் மரம் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது ஏழு நாள் கெடு. அதற்குள் ஒரு குரங்காவது இருப்பதாகக் காட்டாவிட்டால் காட்டை வெட்டிச் சாலை போட்டுவிடுவார்கள். பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டால், காட்டிலிருக்கும் கூட்டம் பதிலுக்குக் கத்தும். அவளும் போட்டுப் போட்டு அலுத்துப்போனாள். ஆறு நாளில் கண்ட பலன் அட்டைக்கடிதான்.

மேலதிகாரி வேறு போனில் நச்சரித்தார். "இல்லாததை எத்தனை நாள் தேடுவீங்க? இல்லைன்னு எழுதிட்டு வந்து சேருங்க."

"நாளைக்குக் காலை வரைக்கும் டைம் இருக்கு சார்." அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

ஏழாம் நாள். மிச்சமிருந்தது அண்ணன் எடுத்த பதிவு ஒன்றுதான். கூட்டம் கத்தும்போது நடுவில் இருமியிருப்பார். உருப்படாத பதிவு என்று அவள் அன்றைக்கு அவரிடம் சிடுசிடுத்திருந்தாள். இதையும் போட்டுத் தொலைப்போம் என்று போட்டாள்.

முடிந்ததும் அணைத்தாள். காடு கப்சிப்பென்று கிடந்தது.

பள்ளத்திலிருந்து பதில் வந்தது.

பதிவுக் கருவியைப் பள்ளத்துப் பக்கம் நீட்டினாள். ஒன்று, இரண்டு... ஒன்பது குரல்! காடு பிழைத்தது!

நடுவில் யாரோ இருமினார்கள்.

ஒலிபெருக்கியைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

மதியம் அலுவலகத்தில் அதைக் கேட்ட மேலதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "இது நீங்க போட்ட பழைய டேப்புதானே? நானும் கேட்டிருக்கேன். இருமல்கூட அப்படியே இருக்கு. யார் காதுல பூ சுத்துறீங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர் இருமினார் என்றா சொல்வது? படிவத்தை வெடுக்கென்று இழுத்து, எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

"கையெழுத்தையும் போடுங்க."

அறைக்குள் ஈர மர வாடை வந்தது.

அவள் காதுக்குப் பின்னால் ஓர் இருமல்.

"ஒன்பது. சரியா எழுதிக்க, பாப்பா."

மேலதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யாரு... யாரு பேசுனது?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட பூஜ்யத்துக்கு, சேற்று விரலால் யாரோ வால் இழுத்திருந்தார்கள்.