புகைக்குழியின் மூடி

இது என் வீட்டுப் புகை இல்லை. பக்கத்தில் யாரோ வேலங்கட்டை எரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

பதூல் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஓம்துர்மான் நகரில், கல்யாணத்துக்கு முன் பெண்களைக் கம்பளி போர்த்திக் குழிப்புகையில் உட்கார்த்தி மேனியை மினுக்காத தெரு எது? ஆனால் இந்தப் புகையில் ஒரு புளித்த நெடியும் இருந்தது. மூன்று மருந்துக் குழாய்களைப் பிதுக்கி, வெளுப்புத் தூள் தூவி, மரக்கரண்டியால் குழைத்து, பரு ஆறிய பின் கன்னத்தில் தங்கிவிடும் கருந்தழும்புகளுக்கென்று அவள் விற்கும் களிம்பின் நெடி. புகையும் களிம்பும் சேர்ந்து வீசி ஒரு வருடமாகிறது. தன் வீட்டுப் பின்னறைக் குழியை அன்றே இரும்பு மூடியால் மூடிவிட்டாள்.

அன்று அதில் உட்கார்ந்திருந்தவள் மஹாசின், பதூலைச் சித்தி என்று கூப்பிடும் பெண். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. "பூசிக்கிட்டே புகையில உக்காரு பொண்ணே, சீக்கிரம் வெளுக்கும்" என்று சொன்னது பதூல்தான். முகம் கொப்பளித்தது, கரியாயிற்று, சீழ் வைத்தது. கல்யாணத்துக்குக் குறித்த நாளில் அடக்கம் செய்தார்கள். துக்கம் கேட்க வந்த பெண்களிடம் பதூல் சொன்னாள்: "நான் சொல்லச் சொல்லக் கேக்காம வெயில்ல அலைஞ்சா."

மஹாசினின் அம்மா தலைகுனிந்து அதை நம்பினாள்.

வெளியே மண்புயல் ஏறிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணி செங்கல் நிறமாகி, பிறகு இருண்டது. மகள் ரிஹாப் தையற்கடையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவளுக்கும் நாற்பது நாளில் கல்யாணம். அவள் கன்னத்திலும் தழும்புகள். காலையில் சண்டை.

"ஊருக்கெல்லாம் பூசுற, எனக்கு மட்டும் கஞ்சத்தனமா?"

"உனக்கெதுக்குடி? இப்படியே அழகாத்தான் இருக்கே."

"அப்ப மத்தவங்க மூஞ்சி என்ன, பழைய செருப்பா?"

இப்போது பின்னறையில் யாரோ இருமினார்கள்.

"ரிஹாப்? எப்ப வந்தே?"

கதவைத் தள்ளினாள். இரும்பு மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழியின் மேல், கழுத்துவரை கம்பளி போர்த்தி, தலை கவிழ்ந்து ஓர் உருவம். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை களிம்புக் கிண்ணத்தை நீட்டியது.

"கொஞ்சம் பூசி விடுங்க."

"திருட்டுக் கழுதை! கழுவுடி மூஞ்சியை, அந்த எழவு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?" என்று பதூல் அந்தக் கன்னத்தைத் துடைக்கக் கை வைத்தாள்.

பழுத்த இரும்பின் சூடு.

விரலோடு ஒரு பொருக்கு வந்தது. அதன் அடியில் கறுப்பு. அதையும் துடைத்தாள். அதன் அடியிலும் கறுப்பு.

"இன்னும் வெளுக்கல, சித்தி."

ரிஹாப் அவளை ஒருநாளும் சித்தி என்று அழைத்ததில்லை.

ஓடினாள். முற்றம். மண். வாசற்கதவு. தாழ்ப்பாளில் கை வைத்த அதே நொடி, வெளியிலிருந்து தட்டும் சத்தம்.

"அம்மா! கதவைத் திற! கண்ணெல்லாம் மண்ணு!"

ரிஹாப்.

பின்னால் கம்பளி தரையில் இழுபடும் ஒலி. வேலம்புகை. பிடரியில் மூச்சு.

"கூப்பிடுங்க அவளை. என் பக்கத்துல உக்காரட்டும்." குரல் குழைந்தது. "அவளும் வெயில்ல அலைஞ்சவதானே?"

இரண்டு உள்ளங்கைகள் பதூலின் கன்னங்களில் வந்து படிந்தன. களிம்பின் வழுவழுப்பு. தேய்க்கத் தொடங்கின. மெல்ல, வட்டமாக, கீழிருந்து மேலாக. அவள் கற்றுக்கொடுத்த மாதிரியே.

"திறயேம்மா!"

தாழ்ப்பாளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். புறங்கையில் ஏதோ உதிர்ந்தது. கறுப்பாக, ஈரமாக. இன்னொன்று.

"மாமா வீட்டுக்குப் போம்மா," என்றாள், மிக மெதுவாக. "நான் திறக்கல."