அடிக்கு ஓர் அங்குலம்

சிலீர்!

பங்களாவின் கண்ணாடி அலமாரி ஆயிரம் துண்டுகளாகச் சிதறியது!

ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கருங்கல், அலமாரியில் மோதி, கம்பளத்தில் உருண்டு, இன்ஸ்பெக்டர் நஸாரின் பூட்ஸ் அருகே வந்து நின்றது.

நஸார் தேநீர்க் கோப்பையோடு துள்ளி எழுந்தார்.

தோட்டத்து அதிகாரி க்ரேவ்ஸ் துரை எழவில்லை. அவர் தரையில் மண்டியிட்டிருந்தார்!

பயத்தில் அல்ல... தரையெங்கும் அவருடைய பொம்மைக் கார்கள்!

இருநூற்றுப் பன்னிரண்டு கார்கள். உள்ளங்கை அளவு. இருபது வருஷமாக லண்டனிலிருந்து கப்பலில் வரவழைத்தவை.

"என் மஞ்சள் டாக்ஸி! பம்பர் போய்விட்டது!" என்று துரை ஆங்கிலத்தில் அலறினார். "வலது பக்கம்... பெயின்ட் போய்விட்டது!"

வெளியே புல்வெளியில் அம்மாக்கண்ணு நின்றாள்.

ஓடவில்லை. கையில் அடுத்த கல்!

"பொம்மக் காருக்கு முட்டி போட்டு அழுவுறீங்களே தொரை... பொன்னையா அண்ணன் செத்ததுக்கு ஒரு எட்டு வந்து பாத்தீங்களா?"

நஸார் ஜன்னலுக்கு ஓடினார். "ஏய், கல்லக் கீழ போடு!"

"எம் புருஷன வெளிய விடுங்க, போடுறேன்!"

அம்மாக்கண்ணுவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை மாலை. லாக்கன்டேல் தேயிலைத் தோட்டத்து மேல்பாதை வளைவு முடக்கில் தொழிற்சங்கத் தலைவர் பொன்னையா செத்துக் கிடந்தார். ஏதோ ஒரு வண்டி மோதி, திரும்ப வந்து இன்னொரு முறையும் ஏறியிருந்தது!

மறுநாள் தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்குவதாக இருந்தது. பொன்னையாவோடு அதுவும் செத்தது.

"மோதியது தோட்டத்து லொறி. என் கண்ணால் பார்த்தேன்" என்று துரை எழுதிக் கொடுத்தார்.

லொறி டிரைவர் சின்னத்தம்பி. அம்மாக்கண்ணுவின் கணவன். அன்று காலைதான், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், அவனுக்கும் பொன்னையாவுக்கும் வாய்ச்சண்டை. பார்த்தவர்கள் நூறு பேர்.

போதாதா?

வரும் திங்கட்கிழமை வழக்கு. குற்றம், கொலை. தண்டனை... தூக்கு!

"அவளை ஜெயிலில் போடுங்கள்!" துரை சீறினார். சமையல்காரனைக் கூப்பிட்டார். "அப்பு! ஃபெக்டரியிலிருந்து அந்தக் கந்தப்பனைக் கூப்பிடு! அலமாரிக்கு உடனே கண்ணாடி போடச் சொல்!"

*

நஸாரின் ஜீப் பங்களாவின் கார் கொட்டகை ஓரம் நின்றது. பின்சீட்டில் அம்மாக்கண்ணு, முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

கந்தப்பன் கண்ணாடி அளவு எடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தான். ஃபெக்டரியில் ஃபிட்டர். நாற்பது வயது. ஊசிபோன்ற விரல்கள்.

"சார்... இவளப் புடிச்சு வச்சு என்ன செய்யப் போறீங்க? பொன்னையா அண்ணன மோதினது லொறி இல்லைங்க."

நஸார் நிமிர்ந்தார். "நீ பாத்தியா?"

"பாக்கல சார். அளந்தேன்!"

"என்னது?"

கந்தப்பன் கொட்டகைக்குள் கையை நீட்டினான். உள்ளே துரையின் கறுப்பு ரைலி கார் பளபளத்தது.

"தொரைக்கு இந்தக் காரப் பாத்து மாடல் செய்றேன். மூணு மாசமா. அடிக்கு ஓர் அங்குலம் கணக்கு. தேயிலப் பெட்டித் தகரத்துலதான் பாடி. சைக்கிள் டியூபுல டயரு. ஆஸ்பத்திரில வீசின எக்ஸ்ரே படத்தக் கழுவி முன்கண்ணாடி. ஞாயித்துக்கிழம தோறும் வந்து காலிப்பர் வச்சு அளப்பேன்."

"சரி?"

"அண்ணன் சாவுறதுக்கு முந்தின ஞாயிறு, முன்கிரில் கம்பிங்களுக்கு நடுவுல ரெண்டு நூலு, அதாவது கால் அங்குலம், எடவெளி. போன ஞாயிறு அளந்தேன்... ரெண்டர நூலு! இரும்பு என்ன புல்லா சார், வளர்றதுக்கு? இது புது கிரிலு!"

நஸார் காரைச் சுற்றி வந்தார். விரலால் கம்பிகளைத் தடவினார்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பொன்னையா செத்த அடுத்த நாள் வெள்ளனையே துரை கொழும்புக்குப் போயிருக்கார்" என்று முணுமுணுத்தார். "காரோட... நாலு நாள் கழிச்சுத்தான் திரும்பி இருக்கார்."

"அப்புறம் என்னாங்க? புடிங்க!" ஜீப்பிலிருந்து அம்மாக்கண்ணு கத்தினாள்.

"எதை வச்சுப் பிடிக்க? கொழும்பில எத்தனை கராஜ்! எதில போய்த் தேட? திங்கட்கிழமை வழக்கு. என் காரில ஒரு கீறலும் விழயில்லைண்டு துரை கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கார். அரை நூலைக் காட்டி அவரைப் பிடிக்க ஏலாது. தோட்டத்து ஆளுக்குக் கை தவறிட்டுதுண்டு வக்கீல் ஒரே சொல்லில முடிச்சிடுவார்."

கந்தப்பனின் முகம் சிவந்தது. கையிலிருந்த அளவுகோலைத் தரையில் ஓங்கி அடித்தான்.

"எங் கை தவறாது சார்! மூணு மாசத்துல ஒரு நல்ல வார்த்த உண்டா அந்த வாயில? லென்ச வச்சுக்கிட்டு நொட்டந்தான்! கதவுப் புடி மயிரிழ நீளம்னு எம் மூஞ்சிலேயே வீசுனாரு!"

"அந்தாளுக்கு நொட்ட சொல்லாட்டித் தூக்கம் வராது" என்றாள் அம்மாக்கண்ணு. "போன மாசம் யாரோ பொறந்த நாளுக்குக் குடுத்த பொம்மக் காரக் கூட, சக்கரம் தப்புன்னு திருப்பிக் குடுத்துட்டாராம்!"

நஸார் சட்டென்று நின்றார்.

அவர் கண்கள் மின்னின!

"கந்தப்பா... மாடல் எப்ப முடியும்?"

"சனிக்கிழம சார்."

நஸார் அவன் காதில் ஏதோ சொன்னார்.

கந்தப்பன் பின்வாங்கினான். "அய்யோ! மனசு வராதுங்க சார்... மூணு மாச வேல!"

"எம் புருஷன் உசுருய்யா!" என்றாள் அம்மாக்கண்ணு.

கந்தப்பன் அவளைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பல்லைக் கடித்தான்.

"செய்றேன்!"

*

சனிக்கிழமை. மாலை நான்கு மணி. பங்களாவில் துரையோடு நஸாரும் இருந்தார்.

கந்தப்பன் மேசைமீது ஒரு துணிமூட்டையை வைத்தான். துரை ஆவலோடு துணியை உருவினார்.

மறுவிநாடி, அவர் கழுத்து நரம்பு புடைத்தது!

முழநீளத்துக்கு அவருடைய ரைலி. அதே கறுப்பு. அதே பளபளப்பு. ஆனால் முன்பக்கம்... நசுங்கிக் கிடந்தது!

"இது என்னா செய்றே நீ?"

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். மரியாதை மட்டும் அதில் வராது.

"தொரை காருதானுங்க" என்றான் கந்தப்பன் பணிவாக. "பொன்னையா அண்ணன மோதினப்ப இருந்த மாதிரியே."

"பொய்! நாயே!"

துரையின் கை மாடலைத் தூக்கி எறிய ஓங்கியது.

"வேண்டாம்!" நஸார் குறுக்கே வந்தார். ஆங்கிலத்தில், மிகவும் அனுதாபமாகப் பேசினார். "சின்னத்தம்பியின் வக்கீல் இதைக் கோர்ட்டில் வைக்கப் போகிறார். ஓர் இம்மிகூடப் பிசகாத மாடல் என்று இவன் சத்தியம் செய்யப் போகிறான். இதில் தப்பு இருக்கிறது என்று காட்டினால் போதும், ஜட்ஜ் குப்பையில் போட்டுவிடுவார். ஆனால் தப்பைக் கண்டுபிடிக்க, இந்த மலைநாட்டிலேயே உங்களைவிட்டால் வேறு ஆள் ஏது?"

துரையின் உதட்டில் புன்னகை அரும்பியது.

இருபது வருஷமாக யாரும் அவரிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை!

லென்ஸை எடுத்தார். குனிந்தார்.

"பிசகாதா? ஹா! சக்கரத்திலே நட்டு அஞ்சு. நீ நாலு வச்சது!"

"அட, ஆமாங்க தொரை" என்றான் கந்தப்பன்.

"வைப்பர் இந்தப் பக்கம் சாயும். நீ அந்தப் பக்கம்! குருடு!"

நஸார் நோட்டுப் புத்தகத்தில் மளமளவென்று எழுதினார். "அருமை... மேலே சொல்லுங்கள்!"

"நம்பர் பிளேட் எழுத்து பெரிசு! சீட்டுத் தையல் குறுக்கே இல்லே, நெடுக்கே! பின் லைட் உருண்டை இல்லே!"

துரைக்கு மூச்சிரைத்தது. கண்களில் வெறி. லென்ஸ் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு ஊர்ந்தது.

கந்தப்பன் தலையைச் சொறிந்தான்.

"பின்னாடி எப்படியோ போவட்டுங்க. முன்பக்கம் அச்சுங்க! ஒருத்தரும் கொற சொல்ல ஏலாது! எடது லைட்டு ஒடஞ்சிருக்கு. கிரில்ல அஞ்சு கம்பி வளஞ்சிருக்கு. இதுல மட்டும் ஒரு தப்பு காட்டுங்க, இந்தத் தொழிலயே விட்டுடுறேன்!"

"தப்பு!" துரை மேசையில் குத்தினார். "எல்லாம் தப்பு! மடையா! இடது லைட் சும்மா இருக்கு, உடைஞ்சது வலது! கம்பி அஞ்சு இல்லே, மூணு! மூணுதான் வளைஞ்சது!"

பென்சில் நின்றது.

துரையின் வாய் திறந்தபடியே இருந்தது. லென்ஸ் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"வலது லைட்... மூன்று கம்பி" என்று நஸார் எழுதியதை நிதானமாகப் படித்தார். "ஆனால் உங்கள் காரில் ஒரு கீறலும் விழவில்லை என்றுதானே எழுதிக் கொடுத்தீர்கள், மிஸ்டர் க்ரேவ்ஸ்?"

முன்வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர்களுக்கு முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாக்கண்ணு!

துரை கந்தப்பன் பக்கம் திரும்பினார். குரல் கிழிந்தது.

"நீ... அன்னிக்கு ஒளிஞ்சு பார்த்தது நீதானா?"

"நான் எங்கங்க பாத்தேன்?" என்றான் கந்தப்பன். "குத்துமதிப்பா சுத்தியலால நாலு தட்டுத் தட்டுனேன்... சரியான அளவ தொரைதான் சொல்லிட்டீங்களே!"