அக்கரைச் சிவப்பு விளக்கு

அக்கரையில் தவளைச் சத்தம் நின்றுபோயிருந்தது.

இக்கரையில் ஒரு குறையும் இல்லை. மழை விட்ட அந்தியில் இலைகள் சொட்டுச் சொட்டாய் நீர் உதிர்க்க, பாறை இடுக்குகளில் குண்டுத் தவளைகள் கரகரக்க, மரத்தவளைகள் யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல நறநறக்க, அழுகிய சருகின் வாசனை மூக்கில் ஏறி நாக்குவரை கசந்தது. அவள் காது மட்டும் எதிர்க்கரையிலேயே நின்றது. அங்கே பொட்டுச் சத்தம் இல்லை.

அங்கேதான் அவள் கணவன் இருந்தான். ஆளுக்கொரு கரையாக நடந்து தவளைகளைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலை. பேச்சுக் குரல் கேட்டால் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். அதனால் ஓடையில் இறங்கிவிட்டால் கூப்பிடவே கூடாது. நெற்றியில் கட்டிய சிவப்பு விளக்குதான் பேசும். ஒரு தடவை அணைத்து எரித்தால், நலம். இரண்டு தடவை என்றால், வா.

"வழுக்கி விழுந்தாக்கூட கத்தக் கூடாதாங்க?" என்று கிளம்பும்போது அலுத்துக்கொண்டாள்.

"நீ கத்தினா தவளை என்ன, நானே ஓடிருவேன், தவளைக்காரி. சீக்கிரம் முடிச்சிட்டுப் போவோம். நம்மளப் பாக்காம பாப்பா தூங்காது."

அவள் விளக்கை ஒரு தடவை அணைத்து எரித்தாள்.

நாணலுக்குள் சிவப்பு மெல்ல அணைந்தது. நெடுநேரம் கழித்து எரிந்தது.

அப்பாடா.

ஆனால் வெளிச்சம் ஏன் அவ்வளவு தாழ இருக்கிறது? குனிந்து எதையாவது பிடிக்கிறாராக்கும். ஏன் இவ்வளவு மங்கல்? மழையில் நனைந்திருக்கும். பாவம், தனக்குத்தானே பதில் சொல்லிச் சொல்லி அவள் ஓடைக்குள் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் சில்லிட்டது. கூப்பிட நா எழுந்தது. பழக்கம் உதட்டை மூடியது.

நடு ஓடையில், முதுகுக்குப் பின்னாலும் தவளைச் சத்தம் நின்றது.

கரை ஏறினாள். ஒரு நெடி. பாம்பு பிடித்த சாக்கைப் பிரிக்கும்போது வருமே, அதே நெடி.

நாணலில் அவனுடைய ஒற்றை ரப்பர் பூட்ஸ்.

அதற்கு அப்பால் விழுந்து கிடந்த ஒரு மரம். மரத்துக்குப் பின்னால் சிவப்பு. தாண்டக் காலைத் தூக்கினாள்.

மரம் மூச்சு விட்டது.

பட்டை இல்லை. செதில்கள். நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு வீக்கம். வெளிச்சம் பின்னால் இல்லை.

உள்ளே.

விரிந்து இழுபட்ட தோலில், செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே சிவப்பு கசிந்தது.

"ஏங்க!"

ஓடைக்கு வந்தபின் அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

வீக்கத்துக்குள் விளக்கு அணைந்தது. எரிந்தது.

ஒன்று, என்று அவள் எண்ணினாள்.

மறுபடி அணைந்தது. எரிந்தது.