முள் இறங்கிய இடம்

பிரிண்ட்டில் எல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தது. ஜன்னல் கம்பி, தலையணை உறையின் சுருக்கம், மேசைமேல் இருந்த மருந்து பாட்டில், எல்லாமே பளிச்சென்று இருந்தன. தம்பியின் முகம் மட்டும் கரி அப்பியதுபோல் இருண்டு கிடந்தது.

இத்தனை வருஷம் ஸ்டுடியோ நடத்தி என்ன பிரயோஜனம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அவளுடைய பழைய ஃபிலிம் கேமராவுக்குச் சொந்தமாக வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது. கையில் தனி மீட்டரை வைத்து வெளிச்சத்தை அளந்துதான் படம் எடுக்க வேண்டும். இந்தப் படம் எடுத்த அன்றைக்குச் சோம்பல்பட்டு, அறைவாசலில் நின்றபடியே தன் உள்ளங்கைமேல் விழுந்த வெளிச்சத்தை அளந்து, அதையே தம்பிக்கும் வைத்துவிட்டாள். ஒரே அறை, ஒரே ஜன்னல், யார் தோலாக இருந்தால் என்ன என்ற நினைப்பு.

அவன் படுத்து மூன்று வாரமாகிறது. காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் ஒன்றுமில்லையே என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். அவனும் போய்விடுவானோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

இன்று பிற்பகல், வெயில் நேராகக் கட்டிலில் விழும் நேரம் பார்த்து, மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே போனாள்.

"மறுபடியுமா? இந்த மூஞ்சிய எடுத்து எந்தக் கண்காட்சில வைக்கப் போற?" என்றான், சிரிக்கத் தெம்பில்லாமல்.

சுவரோரம் பிடித்தாள், வெளிச்சம் காட்டும் முள் ஏறியது. தலையணையோரம் பிடித்தாள், ஏறியது. மருந்தும் வியர்வையும் கலந்த அந்த வெக்கையில் குனிந்து, மீட்டரின் வெள்ளைக் குமிழை அவன் கன்னத்தருகே கொண்டுபோனதும், முள் வழுக்கிக்கொண்டு இறங்கி அடியில் படுத்துவிட்டது. கண்ணுக்கோ அவன் முகத்தில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மீட்டருக்கு வயசாகிவிட்டது என்று தட்டிப் பார்த்தாள். தள்ளிப் பிடித்தால் ஏறியது. கிட்டே கொண்டுபோனால் இறங்கியது.

ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவே வெறும் காற்று. அதில் மீட்டரை மெல்ல நகர்த்தி, முள் இறங்குகிற இடத்தின் ஓரத்தைத் தேடிக்கொண்டே போனாள்.

ஒரு வளைவு. தோள். அதற்கு மேலே உருண்டையாக ஒன்று. தலை. குனிந்த தலை. தோளிலிருந்து நீளமாக எதுவோ இறங்கி, தம்பியின் நெஞ்சில் போய் முடிந்தது.

கை.



"அவன விட்டுடு," என்றாள் காற்றைப் பார்த்து. "வேற யார வேணா பிடிச்சுக்கோ."

குமிழை மறுபடி அவன் கன்னத்தருகே நீட்டினாள்.

முள் ஏறியது. உச்சிவரை.

தம்பி நீளமாக ஒரு மூச்சு விட்டான். நெற்றியைத் தொட்டாள், ஜில்லென்று வியர்த்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. அப்படியே அழுதுவிட்டாள். பிழைத்துவிட்டான், அது போதும். தலைமாட்டில் நின்றபடி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தாள். வெயிலில் கண் கூசியது.

"அக்கா," என்றான் அவன். "ஏன் உன் மூஞ்சி இவ்வளவு இருட்டா இருக்கு? கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாயேன்."

அவள் வெயிலில்தான் நின்றாள்.

உள்ளங்கையை ஜன்னலுக்கு நேரே விரித்தாள். மீட்டரை அதனருகே பிடித்தாள்.

முள் எழவில்லை. அவள் தோள்மேல் ஏதோ பாரமாக வந்து அமர்ந்தது.