சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு

நான்கு மணிக்கு வானொலியில் அடுத்த வீட்டுத் தமிழினியின் பாட்டு வரப்போகிறது. தெருவில் எல்லோரும் இந்தச் செய்தியைக் கரோலினிடம்தான் வந்து சொன்னார்கள். அவளுக்குத் தெரியாததைப் போல.

பள்ளியில் பாடிக் காட்டியது அவர்கள் இரண்டு பேரும்தான். வானொலிக்காரர்கள் பதிவு செய்துகொண்டது தமிழினியின் பாட்டை மட்டும். அன்றிலிருந்து கரோலினின் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த எரிச்சல். காலைப் பூசையில்கூட, வானொலி நிலையத்தில் கரண்ட் போகட்டும் என்று வேண்டத் தொடங்கினாள். மாதா தன்னையே பார்ப்பது போலிருக்கவே, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அலமாரியில் தமிழினி வீட்டு ரேடியோ. இந்தப் பக்கம் மேசையில் கரோலின் வீட்டுக் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைப் போட்டால் ரேடியோ இரையும், அணைத்தால் அடங்கும். போன வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்ட கரோலின் யாரிடமும் சொல்லவில்லை. தமிழினியின் அப்பா ராமமூர்த்தி பாவம், தெருக்கோடித் தோல் தொழிற்சாலையின் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு மணி நெருங்கியது. கரோலினுக்கு வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. இருந்தாலும் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

சுவருக்கு அப்பால் வண்டுக்கூட்டம் போல இரைச்சல் கிளம்பியது. ராமமூர்த்தி ரேடியோவைத் தட்டுவதும், இன்றைக்கு மோட்டாருக்கு விடுமுறை என்று தமிழினி சொல்வதும் கேட்டன. கரோலினுக்குச் சிரிப்பு வந்தது.

"கரோலினக் கூப்பிடும்மா. அவளுக்கு இதெல்லாம் தெரியும்" என்றாள் தமிழினி.

"அவதான் ஒரு வாரமா மூஞ்சியத் திருப்பிக்கினு போறாளே" என்றார் அவள் அம்மா சோபனா.

"கூப்ட்டா வருவா."

கரோலினின் சிரிப்பு நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். 'புதுப்பிக்கிறது, அணைக்க வேண்டாம்' என்று திரையில் ஒரு வட்டம் நிதானமாகச் சுற்றத் தொடங்கியது. இந்த நேரம் பார்த்துத்தானா?

எழுந்து அடுத்த வீட்டுக்கு ஓடினாள். யாரிடமும் எதுவும் பேசாமல் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ரேடியோவை மெல்லத் திருப்பினாள். அது ஒரு பக்கமாகத் திரும்பி நின்றபோது இரைச்சல் அடங்கி, அறிவிப்பாளரின் குரல் தெளிவாக வந்தது.

"மோட்டார் இல்ல அங்கிள்" என்றாள் தரையைப் பார்த்தபடி. "எங்க கம்ப்யூட்டர்தான். எனக்குப் போன வாரமே தெரியும்."

அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. தமிழினி பாயில் நகர்ந்து இடம்விட்டாள்.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கரோலினுக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். தமிழினி மட்டும் கரோலினின் காதருகே குனிந்தாள்.

"மூணாவது வரியில கொஞ்சம் இழுத்துட்டேன், இல்ல?"

"ஆமா. கொஞ்சம்தான்."

"உனக்கு மட்டும்தான் அது தெரியும்னு நெனச்சேன்."

வயிற்றெரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கரோலின் வீட்டுக்கு எழுந்து போகவில்லை. அந்த மூன்றாவது வரியை இருவரும் மெல்லிய குரலில் இன்னொரு முறை பாடிப் பார்த்தார்கள்.