மட்டக்களப்பு பஸ்ஸில் ஏசினவள்

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்து, மழையில் நனைந்து பஸ் ஏறினாள் சுல்பிகா. யன்னலோரத்தில் விற்கிற புடவை, துவாய்க் கட்டோடு ஒரு மருதமுனைக்காரன். பெயர் பளீல். கொஞ்சம் இடம் கேட்டாள்.

"வயசுப் புள்ளதானே... நிக்க ஏலாத அளவுக்கு என்ன வருத்தம்?" என்று சிரித்தான்.

பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. இந்த 'வயசுப் புள்ள' பேச்சால்தான், இரண்டு வருஷம் உதிரம் போயும் எல்லாரும் கஷாயம் கொடுத்தே காலத்தைக் கடத்தினார்கள்!

"கர்ப்பப்பையில புற்றுநோய். சதையச் சுரண்டி எடுத்துப் பாத்துத்தான் கண்டுபுடிச்சாங்க. இருபத்தேழு வயசில கர்ப்பப்பையையே எடுத்துப்போட்டாங்க. போதுமா?"

அவன் சட்டென்று எழுந்துவிட்டான். டிக்கட் கொடுத்த ஊர்க்காரக் கொண்டக்டரைப் பார்த்து அவள் சிரித்ததை, அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கல்முனையில் இறங்கும்போது துணிக் கட்டிலிருந்து ஒரு புதுத் துவாயை உருவி, "தலையத் துடைங்க" என்று நீட்டினான். அந்தக் கண்கள்... அப்பப்பா! இனி எங்கே காணப் போகிறோம் என்று வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் நாளே கண்டாள். வாப்பாவின் முன்னறையில்... மாப்பிள்ளையாக! தங்கச்சி றாஹிலாவுக்கு.

திரைக்குப் பின்னால் நின்ற சுல்பிகாவுக்கு வயிறு எரிந்தது. தனக்கென்று கட்டிய சீதன வீட்டைத் தங்கச்சி பேருக்கு எழுதியபோதுகூட இப்படி எரியவில்லை. வீடும் இவளுக்கு, துவாய்க்காரனும் இவளுக்கா? பாவி, இன்றைக்கென்று பார்த்து என்ன அழகாக இருக்கிறாள்!

"என்ட றாஹிலாவ..." என்று வாப்பா தொடங்கினார்.

"இளையவவா?" பளீல் பதறினான். "நான் கொண்டக்டரிட்ட வீடு விசாரிச்சுக் கேட்டனுப்பின மூத்தவவ, மாமா!"

"மகள் எண்டுதான் ஆள் வந்து சொன்ன... மூத்தவவ ஒருத்தர் கேப்பாரெண்டு நாங்க நினைக்கவே இல்ல தம்பி." வாப்பா திரைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "அவவுக்குப் புள்ள கிடைக்காது."

"தெரியும். பஸ்ஸில அவவே ஏசி ஏசிச் சொன்னா."

"றாத்தா!" பக்கத்தில் நின்ற றாஹிலா அக்காவின் கையைக் கிள்ளினாள். "அழுறத உட்டுட்டுக் கதைங்ககா!"

சுல்பிகாவின் ரோசம் விடவில்லை. "இரக்கப்பட்டு ஒருத்தரும் வரத் தேவல்ல!" என்றாள், திரைக்குப் பின்னாலிருந்தே.

"இரக்கமா? அண்டைக்கு நீங்க கொண்டக்டரப் பாத்துச் சிரிச்சத்துக்கே எனக்கு ரெண்டு நாளாச் சோறு இறங்கல்ல!"

அவனுக்குமா..? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

"அப்ப... அந்தத் துவாயக் கேட்டு வராதீங்க," என்றாள் மெதுவாக. "தலகாணிக்குக் கீழ வெச்சிரிக்கன். வீட்டத்தான் விட்டுக்குடுத்தன்... அத ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்."