அரை மணிக்கொரு பதில்

அந்த விமானத்தின் தலைமைப் பணிப்பெண்ணுக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் வானொலி. காரணம் விளக்க வேண்டியதில்லை. எந்தக் கேப்டன் முடிக்குச் சாயம் பூசுகிறார், யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் அவள் வாயில் சூடாகக் கிடைக்கும். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசித்தாள். பதினான்காவது வரிசையில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக மனைவி வேலை செய்யும் விமானத்தில் ஏறிய மனிதர், பத்தே நிமிடத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.

மத்தியான விமானம். இரண்டரை மணி நேரம், பாதிக்கு மேல் கடல்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரை மணிக்கொரு தடவை பணிப்பெண் விமானி அறைக்குத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும், உள்ளே இருக்கிறவர்கள் முழித்திருக்கிறார்களா என்று. மேலே ஏறியபின் விமானம் தானாகவே ஓடும். தானாக ஓடுகிற ஒன்றை மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பது மனிதனால் ஆகிற காரியமில்லை. அதனால்தான் காவல்காரனுக்கு ஒரு காவல்காரி.

முதல் தடவை கேப்டன் எடுத்து, "ம்" என்றார். அவர் ஆயுசுக்கும் அவ்வளவுதான் பேசுவார், புது வீட்டைப் பற்றிய பேச்சாக இல்லாவிட்டால். இரண்டாவது தடவை துணை விமானி.

"இருக்கோம்க்கா. சார் புது வீட்டுக் குளியலறைல பதிக்கிற ஓடு காட்டிக்கிட்டிருக்கார். நாப்பது படம் ஆச்சு. காப்பாத்துங்க."

"அனுபவிங்க தம்பி," என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.

மூன்றாவது தடவை, மணி ஒலிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள்.

"முழிச்சுத்தான் இருக்கோம்மா."

மெதுவான, மரியாதையான குரல். ஈரத் துணிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. துணை விமானிக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நான்காவது தடவையும் அதே குரல். இந்த முறை, "நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா. இங்க நான் பார்த்துக்கறேன்," என்று ஒரு வரி கூடுதலாக வந்தது.

ஐந்தாவது தடவை கூப்பிடும்போது விமானம் எப்போதோ இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். இன்ஜின் சத்தம் துளியும் மாறவில்லை. இருக்கைப் பட்டை போடச் சொல்லும் விளக்கு எரியவில்லை. இருக்கைக்கு முன்னாலிருந்த வரைபடத் திரையை எட்டிப் பார்த்தாள்.

சின்ன விமானப் படம் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் மறுபடி கடல்.

"கேப்டன், ஊர் தாண்டிடுச்சே?"

"பார்த்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"யாரு பேசறது?"

மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. பழைய தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அப்படியொரு வாடை மட்டும் ரிசீவரிலிருந்து வந்தது.

கதவுக்குப் பக்கத்தில் எண் பலகை இருந்தது. அவசர எண்ணைப் போட்டால் சிறிது நேரத்தில் கதவு திறக்கும், உள்ளே யாராவது வேண்டாமென்று பொத்தானை அழுத்தாவிட்டால். போட்டாள்.

சிவப்பு விளக்கு.

மறுபடி போட்டாள்.

சிவப்பு.

திரும்பிப் பார்த்தாள். நூற்று நாற்பது தலைகள். ஒரு குழந்தை ஜன்னலில் எச்சில் வைத்துப் படம் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் தலை பக்கத்து இருக்கைக்காரர் தோளில் சரிந்திருந்தது. இவர்கள் யாரிடம் என்னவென்று சொல்வாள்?

எவர்சில்வர் காபிக் கூஜாவை எடுத்துக் கதவில் ஓங்கி இடித்தாள். ஏழெட்டு இடிக்குப் பிறகு துணை விமானி திறந்தார்.

"ஏன்க்கா கதவை உடைக்கிறீங்க?"

"ரெண்டு தடவை பூட்டினது யாரு?"

"யாருமே பூட்டலையே!"

கேப்டன் மடியில் கையகலத் திரை. அதில் நீல ஓடு. காதில் மாட்ட வேண்டிய கருவி கழுத்தில் தொங்கியது. அதற்குள்ளிருந்து கீழே கட்டுப்பாட்டு நிலையத்தில் இருக்கிறவர்கள் கத்திக் கூப்பிடுவது கொசு முனகுவதுபோல் கேட்டது.

"நீதான் ஒன்றரை மணி நேரமா கூப்பிடவே இல்லையேம்மா," என்றார் கேப்டன். பிறகு நிமிர்ந்து எதிரே கடலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

திரும்பினார்கள். எரிபொருள் ஏதோ புண்ணியத்தில் போதுமாக இருந்தது. இறங்கியபின் வீட்டுக்காரர், "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார்.

விசாரணையில் அந்த அறையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கூஜா சத்தம் வரும்வரை குளியலறை ஓடு பற்றிய பேச்சு, பேச்சு, பேச்சு. கடைசி மூன்று அழைப்புகளும் அதில் இல்லை. மணியும் இல்லை, அவள் குரலும் இல்லை.

"எனக்குப் பதில் வந்துச்சு சார்."

"யாரு சொன்னாங்க?"

கூப்பிட மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை தங்கும் என்றார்கள். போட்டாள். வானொலி அதற்குப்பின் யாரைப் பற்றியும் பேசவில்லை. சளி பிடித்த குரலில் யாராவது வணக்கம் சொன்னால் மட்டும் இரண்டடி பின்வாங்குவாள்.

மூன்று மாதம் கழித்து அதே விமானத்தில் வேலைக்குப் போட்டார்கள். காலை வெயில். பயணிகள் ஏறி முடித்துப் பெட்டிகளுக்கு இடம் தேடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட வேலை செய்யும் கண்ணாடிக்காரி, புறப்படும் முன் தொலைபேசியைச் சோதிக்கிறேன் என்று எடுத்தாள், தலையாட்டிக் கேட்டாள், வைத்தாள்.

"நல்ல மனுஷங்க வந்திருக்காங்கக்கா இன்னைக்கு. என்ன மரியாதை!"

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் ஏறிட்டாங்கன்னா கதவைச் சாத்திடுங்கம்மா, கிளம்பலாம்னாங்க."

வானொலி வாசலுக்கு வெளியே பார்த்தாள்.

கீழே, வெயிலில், விமானிகள் இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.